காதுக்குக் கெடு 14 நாள்!

பிடோக் என்னும் ஊர்ப் பெயருக்கு மலாய் மொழியில் பெருமுரசு என்று பொருள் கூறுவர். ஒலிபெருக்கி வராத காலத்தில் தொழுகைக்கு மக்களை அழைக்கவும், ஆபத்து நேர்ந்தால் ஊரை எழுப்பவும் பள்ளிவாசலில் அறைந்த முரசு அது. ஓசையால் பெயர் பெற்ற அவ்வூரில் இன்று ஏறத்தாழ 280,000 மக்கள் வாழ்கின்றனர். சிங்கப்பூரின் கிழக்குக் கரையைத் தூர்த்து நிலமாக்க 1966 முதல் மண் வெட்டிக் கொடுத்தவை பிடோக்கின் குன்றுகளே. குன்று போன இடத்தில் அடுக்குமாடிகளும், தொழிற்பேட்டையும், ரயில் நிலையமும் எழுந்தன.

தோட்டங்கள் விற்கப்பட்டும் துண்டாடப்பட்டும் போன பின்னர், நம் பிள்ளைகள் பலர் ஜொகூர்ப் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் பிழைப்புத் தேடிக் கொண்டனர். பிடோக்கில் குடியிருப்போரும் உண்டு. பிடோக்கில் வேலை முடித்து இரவோடு இரவாக வீடு திரும்புவோரும் உண்டு. ஆகவே அவ்வூர்த் தொழிலாளியின் நலம் நமக்கு அந்நிய விஷயம் அன்று. அங்கே வேலை செய்யும் நம் பிள்ளைக்கு ஒரு நாள் காலை திடீரென ஒரு காது கேளாமல் போனால் அவன் என்ன செய்வான்? வைத்தியரிடம் ஓடுவானா, வேலைக்கு ஓடுவானா? இக்கேள்வியைத்தான் இவ்வாரம் நாம் எடுத்துக் கொள்கிறோம்.

வலிக்காத நோய்

திடீர்ச் செவிடு என்று ஒரு நோய் இருக்கிறது. இரவு நன்றாகத் தூங்கியவன் காலையில் எழும்போது ஒரு காதில் பஞ்சு அடைத்தது போலிருக்கும். உள்ளே ஓயாத இரைச்சல், சிலருக்குத் தலைச்சுற்றல். கைபேசியை அந்தக் காதில் வைத்தால் பேச்சு விளங்காது. ஆனால் வலி பெரும்பாலும் இராது. இந்நோயின் வஞ்சகமே அதுதான். வலித்தால் தொழிலாளி ஆஸ்பத்திரிக்கு ஓடுவான். வலிக்காததால் இருந்து பார்க்கிறான்.

இருந்து பார்ப்பதற்கு நம்மிடம் காரணங்களுக்கும் பஞ்சமில்லை. குறும்பி அடைத்திருக்கும் என்கிறோம். குளிக்கும்போது தண்ணீர் புகுந்திருக்கும் என்கிறோம். சளி பிடித்திருக்கிறது என்கிறோம். வீட்டுப் பெரியவர்கள் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுகிறார்கள். மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்குகிறோம். இப்படியே ஒரு வாரம் போகிறது. இரண்டு வாரம் போகிறது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். இந்நோயிலோ ஆறின கஞ்சியைத் திரும்பச் சுட வைக்கவே முடியாமல் போகலாம்.

வைத்தியர்கள் இதற்கு ஓர் அளவு வைத்திருக்கின்றனர். அடுத்தடுத்த மூன்று சுருதி நிலைகளில் 30 டெசிபலோ அதற்கு மேலோ கேட்கும் திறன் 3 நாட்களுக்குள் குறைந்துவிட்டால் அது இந்நோய். பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் இன்னதென்று கண்டுபிடிக்க முடிவதில்லை. நச்சுயிர்க் கிருமி என்றும், உட்செவிக்குப் போகும் மெல்லிய இரத்தக் குழாயின் அடைப்பு என்றும் ஐயுறுகின்றனர். மிகச் சிலருக்குச் செவி நரம்பில் கட்டி இருப்பதும் உண்டு. அமெரிக்காவில் ஆண்டுதோறும் லட்சம் பேரில் 5 முதல் 27 பேர் வரை இந்நோய் காண்கிறது என்று கணக்கிட்டுள்ளனர். அதே விகிதத்தைப் பிடோக்கின் மக்கள் தொகைக்குப் போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு 14 பேர் முதல் 75 பேர் வரை வருகிறது. ஓர் ஊருக்கு இது சிறிய எண்ணிக்கை அன்று.

இந்நோய்க்கு ஏழை பணக்காரன் என்ற பேதம் கிடையாது. இந்தித் திரைப்படப் பாடகி அல்கா யாக்னிக், விமானத்தை விட்டு இறங்கி நடந்தபோது தமக்குத் திடீரெனக் காது கேளாமல் போனதை 2024 ஜூன் மாதம் உலகுக்கு அறிவித்தார். பாட்டுப் பாடுகிறவருக்கும் வரும். பால்மரம் வெட்டுகிறவருக்கும் வரும். வந்த பிறகு அவர்கள் போகும் வழிதான் வேறு வேறாக இருக்கிறது.

இதை இரைச்சலால் வரும் செவிட்டோடு குழப்பிக் கொள்ளலாகாது. இயந்திரச் சத்தத்தால் வரும் செவிடு ஆண்டுக் கணக்கில் இரு காதையும் அரிப்பது. திடீர்ச் செவிடோ மணிக் கணக்கில் வருவது. பெரும்பாலும் ஒரு காதை மட்டும் பிடிப்பது. ஒரு காது மிச்சம் இருக்கிறதே என்று ஆறுதல் சொல்வோர் உண்டு. ஓசை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை இரண்டு காதும் சேர்ந்துதான் சொல்கின்றன. பின்னால் வரும் லாரியின் ஓசை எத்திசை என்று தெரியாதவன் கட்டுமானத் தளத்தில் எப்படி நிற்பான்? மரம் சாயும் பக்கம் தெரியாதவன் காட்டில் எப்படி நிற்பான்? ஒற்றைக் காது போனாலும் தொழிலாளிக்கு அது உயிர்ப் பிரச்சினை.

காற்றறை வந்த கதை

இந்நோய்க்கு உலகெங்கும் வைத்தியர்கள் முதலில் கொடுப்பது ஸ்டீராய்டு என்னும் மருந்து. அதை மாத்திரையாகவும் கொடுப்பர்; செவிப்பறை வழியே ஊசியாகவும் போடுவர். முதல் இரண்டு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும். எவ்வளவு முன்னதாகவோ அவ்வளவு நல்லது. நம்மவரில் நீரிழிவு உள்ளோர் பலர். இம்மருந்து இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். ஆதலால் நோயை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

இத்துடன் சேர்த்துச் செய்யும் மற்றொரு சிகிச்சைதான் அழுத்தப் பிராணவாயுச் சிகிச்சை. இரும்பு அறை ஒன்றில் நோயாளியை உட்கார வைத்து, காற்றின் அழுத்தத்தை இரண்டு முதல் இரண்டரை மடங்கு வரை ஏற்றி, தூய பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்வது. கடலில் 10 முதல் 15 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் அது. ஒரு தடவைக்கு 90 நிமிடம். நாளுக்கு ஒரு தடவை. மொத்தம் 10 முதல் 20 தடவை.

இவ்வறை எங்கிருந்து வந்தது என்பதைத் தொழிலாளர் அறிந்திருப்பது நல்லது. 1870-களில் நியூயார்க் நகரில் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றடியில் அடித்தளம் தோண்டினர். தண்ணீர் உள்ளே வராமலிருக்க அழுத்தக் காற்றை நிரப்பி, அதற்குள் தொழிலாளரை இறக்கினர். வேலை முடிந்து மேலே வந்தவர்கள் மூட்டு முறுக்கி விழுந்தனர், சிலர் முடமாயினர், சிலர் மாண்டனர். 1872-இல் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே அந்நோயில் விழுந்தார். அழுத்தம் சட்டென்று குறையும்போது இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகப் பொங்குவதே காரணம் என்று 1878-இல் பிரெஞ்சு அறிஞர் பால் பெர்ட் விளக்கினார்.

அதன் பின்னரும் ஹட்சன் ஆற்றுச் சுரங்கத்தில் இதே கொடுமை தொடர்ந்தது. 45, 50 பேர் வேலை செய்த இடத்தில் மாதம் ஒருவர் வீதம் செத்தனர். 1889-இல் அங்கே பொறுப்பேற்ற எர்னஸ்ட் மோயர் என்னும் பொறியாளர், நோயுற்றவனை மறுபடி அழுத்தக் காற்றுக்குள் வைத்து மெல்ல மெல்ல இறக்கும் இரும்பு அறை ஒன்றை நிறுவினார். அடுத்த 15 மாதங்களில் 120 பேரில் இறந்தவர் இருவரே. சிங்கப்பூரிலும் 1980-களில் முதல் எம்.ஆர்.டி. சுரங்கங்களைத் தோண்டியபோது சில இடங்களில் தொழிலாளர் அழுத்தக் காற்றுக்குள் இறங்கி வேலை செய்தனர், அந்நோயையும் கண்டனர்.

ஆக, இன்று ஆஸ்பத்திரியில் வெள்ளையடித்து நிற்கும் காற்றறை, மண் தோண்டியவனின் முறுக்கிய மூட்டுகளிலிருந்து பிறந்தது. அந்த அறையின் கதவு தொழிலாளிக்குத் திறவாதென்றால் அது என்ன நியாயம்?

செய்வதும் செய்யாததும்

சாதாரணக் காற்றில் நம் இரத்தத்தின் சிவப்பணுக்கள் பிராணவாயுவை ஏறக்குறைய முழு மூட்டையாகவே சுமக்கின்றன; மேலும் ஏற்ற இடமில்லை. ஆனால் இரத்த நீரில் நேரடியாகக் கரையும் பிராணவாயு 100 மில்லிக்கு 0.3 மில்லி மட்டுமே. அழுத்தத்தை மூன்று மடங்காக்கித் தூய பிராணவாயு கொடுத்தால் அது சுமார் 6 மில்லியாகிறது. உட்செவியில் நத்தைக் கூடு போன்ற உறுப்பு ஒன்று இருக்கிறது. ஓசையை உணரும் நுண்மயிர் அணுக்கள் அதற்குள் உள்ளன. அவ்வுறுப்புக்கு இரத்தம் கொண்டு போவது ஒரே ஒரு மெல்லிய குழாய். அது அடைபட்டால் மாற்று வழி கிடையாது. கரைந்த பிராணவாயு பக்கத்துத் திரவங்களின் வழியே ஊறிச் சென்று, பட்டினி கிடக்கும் அணுக்களைச் சாகாமல் காக்கும் என்பதே இச்சிகிச்சையின் கருத்து.

பலன் உண்டா? உண்மையைச் சொல்வோம். 2012-இல் வெளியான கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 392 பேரைக் கொண்ட ஏழு சோதனைகளை எடை போட்டது. நோய் கண்டவுடன் செய்தால் கேட்கும் திறன் ஓரளவு கூடுகிறது என்றும், அந்த முன்னேற்றம் நோயாளியின் வாழ்வில் எவ்வளவு பயன் தரும் என்பது தெளிவாகவில்லை என்றும் அது கூறிற்று. நாள்பட்ட செவிட்டுக்கும் நாள்பட்ட காதிரைச்சலுக்கும் பலன் காணவில்லை. அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை வைத்தியர்களின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டி, ஸ்டீராய்டோடு சேர்த்து இரண்டு வாரத்துக்குள் இதைக் கொடுக்கலாம் என்கிறது. முதல் மருந்து பலிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் முயன்று பார்க்கலாம் என்றும் சொல்கிறது. சிகிச்சை எதுவுமின்றியே மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகள் வரை ஓரளவு தேறுகின்றனர் என்பதையும் மறைக்கக் கூடாது. தானாகத் தேறியவனைக் காட்டித் தன் மருந்துக்குப் பெயர் தேடுவோர் எங்கும் உண்டு, எச்சரிக்கை வேண்டும்.

இடையூறுகளும் உள்ளன. அழுத்தம் ஏறும்போது மூக்கைப் பிடித்து ஊதிக் காதைச் சமன் செய்யத் தெரியாவிட்டால் செவிப்பறையே காயப்படும். சிலருக்குச் சில வாரம் கண்பார்வை மாறும். அரிதாக வலிப்பும் வரலாம். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து தேங்கியிருப்பவர் அறைக்குள் போகவே கூடாது. பிராணவாயு நிறைந்த இடத்தில் ஒரு தீப்பொறி போதும். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு நிலையத்தில் காற்றறை தீப்பற்றி 5 வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டான். இளமை திரும்பும், அழகு கூடும் என்று காற்றறை விற்கும் கடைகளின் பக்கம் நம்மவர் தலைவைக்கக் கூடாது. முறையான ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் இதற்கென ஒரு பிரிவு இருக்கிறது. மலேசியாவில் லுமுட் இராணுவ மருத்துவமனையில் காற்றறை உண்டு.

கிராணியின் கணக்கு

செக்ரோலில் பெயர் போடுவதும் அரைப்பேர் போடுவதும் நம் அன்றாடத் தொழில். அந்தக் கணக்கை இந்நோய்க்கும் போட்டுப் பார்ப்போம்.

பிடோக்கில் இருப்பவனுக்குத் தூரம் ஒரு தடையே இல்லை. பலதுறை மருந்தகம் ஊரின் நடுவிலேயே இருக்கிறது. சாங்கிப் பொது மருத்துவமனைக்குச் சீமெய் நிலையம், இரண்டே நிறுத்தம். காற்றறை உள்ள மருத்துவமனைக்கு ஊட்ரம் பார்க் நிலையம்; வண்டி மாறாமல் பதினொரு நிறுத்தம். ஆக, ரயில் அவனைத் தடுக்கவில்லை. தடுப்பது எது?

சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டப்படி ஆறு மாதம் பணி முடித்தவனுக்கு ஆண்டில் 14 நாள் கூலியுடன் வெளிநோயாளி விடுப்பு. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் அந்த 14-ஐயும் சேர்த்து 60 நாள். மூன்று மாதம் மட்டுமே முடித்தவனுக்கு வெளிநோயாளி விடுப்பு வெறும் 5 நாள். காற்றறைக்குப் போகிறவனோ காலையில் நடந்து போய் மதியம் நடந்து திரும்புகிறான். படுக்கை இல்லை, ஆகவே வெளிநோயாளி. அவனுக்கு வேண்டியது 20 தடவை. ஆண்டு முழுமைக்கும் அவன் கையிலிருப்பது 14 நாள். அவ்வாண்டில் காய்ச்சலுக்கு நான்கு நாள் எடுத்திருந்தால் மிச்சம் பத்தே.

மருந்து தொடங்குவதற்குக் கெடு 14 நாள்; விடுப்பும் 14 நாள். முதல் 14 முடியுமுன் ஓடு என்கிறார் வைத்தியர். இரண்டாவது 14 முடிந்தால் கூலி வெட்டு என்கிறது கணக்குப் புத்தகம். நடுவில் நிற்பவன் என்ன செய்வான்? காதை விட்டுக் கூலியைப் பிடிப்பான். அதைத்தான் பலரும் செய்கிறார்கள். குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

காப்பீட்டையும் பாருங்கள். வேலை அனுமதிச் சீட்டிலும் எஸ் பாஸிலும் இருப்பவருக்கு 2023 ஜூலை 1 முதல் முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். முன்பு இது 15,000 வெள்ளியாக இருந்தது. உயர்த்தியதை நாம் பாராட்டுகிறோம். ஆனால் சட்டம் கட்டாயமாக்கியது ஆஸ்பத்திரியில் தங்கும் சிகிச்சைக்கும், அன்றே வீடு திரும்பும் அறுவைச் சிகிச்சைக்கும் உரிய காப்பீட்டையே. நடந்து போய் நடந்து வரும் சிகிச்சைக்கு அந்தக் குடை விரிய வேண்டும் என்ற கட்டாயமில்லை. அனுமதிச் சீட்டுத் தொழிலாளியின் வைத்தியச் செலவு முதலாளியின் பொறுப்பு என்று மற்றொரு சட்டம் சொல்லத்தான் செய்கிறது. அதை நம்பி வாய் திறந்து கேட்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? சீட்டையே ரத்து செய்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் வாயை அடைக்கிறது.

நட்ட ஈட்டிலும் இடமில்லை. இரைச்சலால் வரும் செவிடு தொழில் நோய்ப் பட்டியலில் உண்டு. காரணம் அறியாத திடீர்ச் செவிடு அப்பட்டியலில் இல்லை. ஆகவே கூலியோடு கூடிய விடுப்பு ஒன்றே தொழிலாளியின் பிடிமானம்.

முதலாளிமாருக்குப் பதில்

பலன் உறுதியாகாத சிகிச்சைக்கு நாங்கள் ஏன் பணம் அழ வேண்டும் என்று முதலாளிமார் கேட்பர். கேள்வி நியாயமானதே, பதிலும் நம்மிடம் உண்டு. காது கேளாத ஒவ்வொருவனையும் காற்றறையில் உட்கார வையுங்கள் என்று நாம் கோரவில்லை. யாருக்கு மாத்திரை, யாருக்கு ஊசி, யாருக்கு அறை என்பதை வைத்தியர் முடிவு செய்யட்டும். மேற்பார்வையாளர் முடிவு செய்யக் கூடாது என்கிறோம். நோய் கண்ட அன்றே செய்யும் செவிச் சோதனைக்கும் சில நாள் மாத்திரைக்கும் ஆகும் செலவு, ஒற்றைக் காதுக்காரன் லாரிக்கு அடியில் விழுந்தால் ஆகும் செலவில் எத்தனையில் ஒரு பங்கு? கணக்குத் தெரிந்த முதலாளிமார் தாங்களே போட்டுப் பார்க்கட்டும்.

நாம் கேட்பவை இவை:

1. திடீரெனக் காது கேளாமை கண்ட தொழிலாளியை அன்றே, கூலி வெட்டின்றி, வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். நெஞ்சு வலிக்கு ஒரு நீதி, காதுக்கு ஒரு நீதி என்பது கூடாது.

2. தொடர் சிகிச்சைக்குப் போகும் நேரத்தை மணிக் கணக்கில் விடுப்பாக எழுத வேண்டும். இரண்டு மணி நேரச் சிகிச்சைக்கு ஒரு முழு நாள் விடுப்பைத் தின்னலாகாது.

3. தங்காமல் பெறும் சிகிச்சையையும் வைத்தியர் அவசியமென எழுதினால் காப்பீடு ஏற்க வேண்டும்.

4. இரைச்சலான இடங்களில் ஆண்டுதோறும் எடுக்கும் செவிச் சோதனைத் தாளின் நகல் ஒன்று தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். நேற்றுவரை எவ்வளவு கேட்டது என்று தெரிந்தால்தான் இன்று எவ்வளவு போனது என்று வைத்தியர் அளக்க முடியும்.

தோழர்களுக்கு

சட்டம் மாறும்வரை நாம் வாளா இருக்கலாகாது. ஒரு காதில் கேட்பது திடீரெனக் குறைந்தால் எண்ணெய் ஊற்றாதீர்கள், குச்சி விடாதீர்கள், ஒரு வாரம் பொறுத்துப் பார்க்காதீர்கள். மருந்தகத்திலோ ஆஸ்பத்திரியிலோ, "என்று, எத்தனை மணி முதல் கேட்கவில்லை" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். குறும்பியாக இருந்தால் எடுத்து விடுவார்கள், நட்டம் ஒன்றுமில்லை. மேலாளருக்கு 48 மணி நேரத்துக்குள் செய்தி அனுப்பி, அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்துக் கொள்ளுங்கள். வைத்தியர் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். காற்றறை பற்றி வைத்தியரே பேசாவிட்டால் நீங்கள் கேளுங்கள். அது உங்கள் உடம்புக்கு ஏற்குமா என்பதை அவர் சொல்லட்டும்.

தோட்டங்களில் உள்ள கிளைச் செயலாளர்கள் இச்செய்தியைப் பெரட்டுக் களத்தில் படித்துக் காட்ட வேண்டுகிறோம். பிள்ளைகள் பிடோக்கிலோ வேறெங்கோ வேலை செய்யும் தாய் தந்தையர் இன்றிரவே அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். காது கேட்கும் நாளிலேயே இதைக் கேட்டு வைத்துக் கொள்ளட்டும்.